குடித்தால் தாடை வலிப்பது ஏன்? தஞ்சைத் தாம்பூலத்தின் மறுபக்கம்

மது ஒரு மிடறு உள்ளே போகிறது. உடனே கன்னத்தின் உட்புறம் தீப்பட்டது போல எரிகிறது. காதுக்கு முன்னால் தாடை இறுகி வலிக்கிறது. "சரக்கு சரியில்லை" என்பார் பக்கத்தில் இருப்பவர். "குடிக்கிறவனுக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்" என்பார்கள் வீட்டில் இருப்பவர்கள். இரண்டு பேருமே குற்றவாளியாகக் காட்டுவது மதுவைத்தான். ஆனால் இப்படி வலிக்கிற பலருக்கு உண்மையான காரணம் சாராயக் கடையில் இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு தட்டில் வைத்து மரியாதையாக நீட்டப்படும் தாம்பூலத்தில் இருக்கிறது. அதிலும் வெற்றிலையில் இல்லை, பாக்கில்!

இதைக் கண்டுபிடிக்க மருத்துவ உலகத்துக்கு 20ஆம் நூற்றாண்டின் பாதி ஆகிவிட்டது. ஏன் இவ்வளவு தாமதம்? அதற்குக் காவிரிக் கரையின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்ட வேண்டும்.

ஒரே தெருவில் இரண்டு கடைகள்

காவிரி கடலில் கலக்கும் பூம்புகாரின் மருவூர்ப்பாக்கத்தில் யார் யார் கடை வைத்திருந்தார்கள் என்று சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவு ஊரெடுத்த காதை ஒரு பட்டியல் தருகிறது. அதில் கள் விற்கும் பெண்கள் வருகிறார்கள். பாசவர் என்பவர்களும் வருகிறார்கள். பாசவர் என்றால் வெற்றிலை விற்பவர் என்பது உரை. ஆக, கள்ளும் வெற்றிலையும் அக்கம் பக்கத்தில்தான் விற்றிருக்கின்றன.

ஆனால் சமூகத்தில் இரண்டுக்கும் கிடைத்த இடம் வேறு வேறு. அதே காப்பியத்தில், மதுரையில் கோவலன் கடைசியாகச் சாப்பிட்டு முடித்ததும் கண்ணகி அவனுக்கு வெற்றிலை பாக்குதான் கொடுக்கிறாள். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்குக் கொடுத்த நிவந்தங்களைப் பார்த்தால், சோறு, கறி, நெய்யோடு அடைக்காயமுது என்று பாக்கும் சேர்ந்தே வருகிறது. சாமிக்கே படைத்த பொருள் அல்லவா! கல்யாணம் பேசி முடித்தால் தாம்பூலம் மாற்றுவது, ஊருக்குப் பத்திரிகை வைத்தால் வெற்றிலை பாக்கோடு வைப்பது எல்லாம் இதன் தொடர்ச்சிதான்.

டெல்டாவில் இது வெறும் சடங்கு மட்டும் இல்லை, பிழைப்பும்கூட. அய்யம்பேட்டை, ராஜகிரி, பண்டாரவாடை பக்கம் அகத்தி மரத்தில் கொடி ஏற்றி வளர்க்கும் கொடிக்கால்கள் இன்றும் உண்டு. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கும்பகோணம் சீவலுக்கும் தனி மவுசு. நடவு வயலில் இறங்கும் பெண்களின் இடுப்பில் சுருக்குப்பை இருக்கும். அதற்குள் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை எல்லாம் இருக்கும். பசியையும் அலுப்பையும் மறக்க வைத்தது அதுதான்.

பிறகு வந்து சேர்ந்த சரக்குகள்

இந்தப் பட்டியலில் புகையிலை மட்டும் பழையது இல்லை. அமெரிக்கக் கண்டத்துச் செடியான அது போர்ச்சுகீசியர்கள் வழியாக இந்தியாவுக்கு வந்தது. குடியும் மாறியது. தென்னங்கள்ளில் ஆல்கஹால் சுமார் 4, 5 சதவீதம்தான். இன்று கடையில் விற்கும் பிராந்தி, விஸ்கியில் 42.8 சதவீதம். கள் பட்டால் லேசாக உறுத்துகிற வாய், பிராந்தி பட்டால் பற்றி எரியும்.

அரசாங்கத்தின் கண் மதுவின் மேல் மட்டுமே இருந்தது. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1948ல் அது தஞ்சை உட்பட சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971ல் தளர்த்தினார்கள், பிறகு மூடினார்கள், மறுபடி திறந்தார்கள். 1983ல் டாஸ்மாக் பிறந்தது. 1987ல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் மீண்டும் தடை. 2003ல் சில்லறைக் கடைகளையும் டாஸ்மாக்கே எடுத்துக்கொண்டது. இத்தனை சட்டத்திலும் பாக்கைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பாக்கு கலந்த குட்கா, பான் மசாலாவுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது மிகப் பிந்தித்தான்.

டாக்டர்கள் கண்டது என்ன?

1952ல் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர், கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களின் வாயில் ஒரு விசித்திரமான மாற்றத்தைப் பார்த்து எழுதினார். 1953ல் மும்பையில் ஜோஷி என்ற மருத்துவர் இதையே விவரித்தார். வாயின் உட்சவ்வு வெளுத்து, தோல் போல விறைத்துவிடுகிறது. காரமோ மதுவோ பட்டால் தாங்க முடியாத எரிச்சல். வாய் நாளுக்கு நாள் குறைவாகத் திறக்கிறது. இதற்கு ஓரல் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் என்று பெயர். வாய்ச் சவ்வின் அடியில் நார் கட்டுதல் என்று சொல்லலாம்.

முதலில் பழி விழுந்தது மிளகாய் மேல்! காரம் பட்டால் எரிகிறதே, அதனால். 1960ல் மும்பை ஆய்வாளர்கள் மிளகாயின் காரப்பொருளை எலியின் அண்ணத்தில் தடவிக்கூடப் பார்த்தார்கள். பிறகு நடந்த ஆய்வுகள்தான் விரலைப் பாக்கின் பக்கம் திருப்பின. பாக்கில் உள்ள அரிகோலின் போன்ற பொருட்கள் சவ்வின் அடியில் நாரிழைகளை அளவுக்கு மேல் உருவாக்குகின்றன. அவை கரைவதும் குறைகிறது. கன்னம் கயிறு போல இறுக, வாயைத் திறக்கும்போது தாடைத் தசையும் மூட்டும் திணறுகின்றன. வெளுத்துப் போன அந்தச் சவ்வில் மது பட்டால்? அதுதான் அந்த எரிச்சலும் வலியும்.

விஷயம் அதோடு நிற்பதில்லை. கேரளாவின் எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்த நோய் உள்ள 66 பேரை 17 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 7.6 சதவீதம் பேருக்கு வாய்ப் புற்றுநோய் வந்ததாக 1985ல் வெளியிட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988ல் மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக அறிவித்தது. புகையிலை இல்லாத வெறும் பாக்கையும் அதே வரிசையில் சேர்த்த அறிக்கை 2004ல்தான் வெளிவந்தது. பாக்கு, புகையிலை, மது மூன்றும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

இங்கேதான் சிக்கல். வலிக்கிறது என்று ஒருவர் குடியை நிறுத்துகிறார். நல்ல காரியம்தான். எரிச்சலும் குறைகிறது. "சரியாகிவிட்டது" என்று நினைத்து, குடிக்கிற நேரத்துக்கும் சேர்த்துச் சீவலை மெல்லுகிறார். உள்ளே நார் கட்டுவது நிற்கவில்லை! குடிக்காத பெண்களுக்கோ மது என்ற எச்சரிக்கை மணியும் இல்லை. "மிளகாய் சேரவில்லை" என்று குழம்பில் காரத்தைக் குறைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள்.

வீட்டிலேயே ஒரு சின்ன சோதனை செய்யலாம். வாயைத் திறந்து நடு மூன்று விரல்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தி உள்ளே விட வேண்டும். போகவில்லை என்றால் பல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. கட்டிய நார் முழுதாகக் கரையாது. ஆனால் பாக்கை நிறுத்தினால் மேலும் முற்றுவதைத் தடுக்கலாம். வாய்ப் பயிற்சியாலும் சிகிச்சையாலும் ஓரளவு திறக்க வைக்கலாம்.

எல்லாத் தாடை வலியும் பாக்கால் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உமிழ்நீர்ச் சுரப்பியில் கல் இருந்தாலும், சொத்தைப் பல் இருந்தாலும் வலிக்கும். மிக அரிதாக, ஹாட்ஜ்கின் என்ற நிணநீர்ப் புற்றுநோயில் மது குடித்ததும் கட்டி உள்ள இடத்தில் வலி வரும். தாடை வலியோடு வியர்வை, நெஞ்சு இறுக்கம் இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

கெட்ட பெயர் எடுத்த பொருளை யாரும் எளிதில் சந்தேகப்படுவார்கள். மங்கலப் பொருளைச் சந்தேகப்பட மனம் வராது. பூம்புகார்த் தெருவில் கள்ளும் வெற்றிலை பாக்கும் அருகருகே இருந்தன. பழி மட்டும் ஒரு கடைக்கே போனது. தாம்பூலத் தட்டு சபையில் இருக்கட்டும், மரியாதையும் இருக்கட்டும். பாக்கு தட்டிலேயே இருக்கட்டும், வாய்க்குப் போக வேண்டாம்!