வதேலும் வராத மீனும்: 1671இல் ஒரு விழா அமைப்பாளர்

இன்று ஒரு நிறுவனம் மாநாடு நடத்த வேண்டுமென்றால் முதலில் தேடுவது ஒரு ஈவென்ட் மேனேஜரைத்தான். அரங்கம், தங்கும் அறைகள், சாப்பாடு, மைக் செட், விளக்கு எல்லாவற்றையும் அவர் தலையில் போட்டுவிட்டால் முதலாளி நிம்மதியாக இருக்கலாம் என்பது பொதுவான எண்ணம். இது ஏதோ புதிதாக முளைத்த தொழில் போலத் தோன்றும். ஆனால் 350 ஆண்டுகளுக்கு முன்பே பிரான்ஸ் நாட்டில் இந்த வேலையைச் சம்பளத்துக்குச் செய்த ஒருவர் இருந்தார். அவர் பெயர் பிரான்சுவா வதேல்.

யார் இந்த வதேல்?

வதேலைப் பலர் சமையல்காரர் என்றே நினைக்கிறார்கள். ஷாந்திலி கிரீமைக் கண்டுபிடித்தவர் என்றுகூடச் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. உண்மையில் அவர் பிரபு வீட்டின் விருந்து நிர்வாகி. பொருட்களைக் கொள்முதல் செய்வது, சமையலறையை மேற்பார்ப்பது, பரிமாறும் ஆட்களை நடத்துவது எல்லாம் அவர் பொறுப்பு.

முதலில் அவர் வேலை பார்த்தது நிதித்துறைத் தலைவர் நிக்கோலா ஃபூக்கேயிடம். 1661 ஆகஸ்ட் 17 அன்று ஃபூக்கே தன் புதிய மாளிகையில் பதினான்காம் லூயி மன்னருக்கு மிகப் பெரிய விருந்து வைத்தார். செப்டம்பர் 5 அன்று ஃபூக்கே கைதானார். அந்த எண்ணம் மன்னருக்கு முன்பே இருந்தது. விருந்தின் ஆடம்பரம் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது. விருந்து என்பது சாப்பாடு மட்டும் அல்ல, அரசியலும்கூட என்பதற்கு இது சாட்சி.

ஷாந்திலி விருந்து

பின்னர் வதேல் கோண்டே இளவரசரிடம் வேலைக்குச் சேர்ந்தார். கோண்டே பெரிய தளபதி. ஆனால் மன்னருக்கு எதிராகக் கலகம் செய்து, ஸ்பெயின் பக்கம் நின்று போரிட்டவர். 1659 சமாதான உடன்படிக்கைக்குப் பிறகுதான் மன்னிப்புக் கிடைத்தது. கடனும் நிறைய இருந்தது. மன்னரின் முழு நம்பிக்கையைத் திரும்பப் பெற அவருக்குக் கிடைத்த வாய்ப்புதான், 1671 ஏப்ரலில் தன் ஷாந்திலி மாளிகைக்கு மன்னரும் அரசவையும் வந்து தங்கியது. அந்த வாய்ப்பு முழுவதும் வதேலின் கையில் இருந்தது.

அங்கே நடந்ததை மதாம் தெ செவிஞ்ஞே என்ற சீமாட்டி ஏப்ரல் 24, 26 தேதிகளில் எழுதிய கடிதங்களிலிருந்து அறிகிறோம். அவர் நேரில் இருந்தவர் அல்ல, கேள்விப்பட்டதை எழுதினார்.

ஏப்ரல் 23, வியாழன் இரவு. எதிர்பாராத ஆட்களும் சாப்பிட வந்ததால் சில மேசைகளுக்கு வறுத்த இறைச்சி போதவில்லை. மன்னரின் மேசையில் எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் வதேலுக்கு அது பெரிய மானக்கேடாகப் பட்டது. அவர் பன்னிரண்டு இரவுகளாகத் தூங்கவில்லை. இளவரசரே அவர் அறைக்குப் போய்த் தேற்றினார். அதே இரவில் 16,000 பிராங்க் செலவில் ஏற்பாடு செய்த வாணவேடிக்கையையும் மேகமூட்டம் கெடுத்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கத்தோலிக்க வழக்கப்படி அன்று இறைச்சி கிடையாது, மீன்தான். பல துறைமுகங்களுக்கும் வதேல் ஆள் அனுப்பியிருந்தார். அதிகாலை 4 மணிக்கு ஒரே ஒருவர் இரண்டு சுமை மீனோடு வந்தார். "இவ்வளவுதானா?" என்று வதேல் கேட்க, "ஆம்" என்றார் அவர். மற்ற துறைமுகங்களைப் பற்றி அவருக்குத் தெரியாது. சற்று நேரம் காத்திருந்தும் வேறு யாரும் வரவில்லை. இளவரசரின் நிர்வாகி கூர்வில்லிடம் வதேல் புலம்பினார், கூர்வில் சிரித்துவிட்டார். வதேல் தன் அறைக்குப் போய் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் இறந்த வேளையில் நாலா பக்கத்திலிருந்தும் மீன் வந்து சேர்ந்துகொண்டிருந்தது.

விருந்து நிற்கவில்லை. கூர்வில் பொறுப்பேற்றார். எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டார்கள், உலாவினார்கள், வேட்டைக்கும் போனார்கள். 1672இல் தொடங்கிய டச்சுப் போரில் கோண்டேவுக்குப் படைத்தலைமையும் கிடைத்தது.

யார் மீது தவறு?

வதேலின் அவசரம் என்று பலர் சொல்வார்கள். ஆனால் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்பது அவர் கையில் இல்லை. அவர் களைத்தபோது ஒரு இரவாவது பொறுப்பை ஏற்க யாரும் இல்லை. கூர்வில் மறுநாள் சமாளித்ததைப் பார்த்தால், அந்த உதவியை முன்பே கொடுத்திருக்க முடியும் என்று தெரிகிறது. மூன்றாவது, அவர் பதறிச் சொன்னபோது கேட்டவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதில் மன்னரே ஒரு நியாயம் பேசினார். தன் வருகை எவ்வளவு தொல்லை தரும் என்று தெரிந்துதான் ஷாந்திலிக்கு வருவதை ஐந்து ஆண்டுகள் தள்ளிப்போட்டதாகவும், இரண்டு மேசைகளை மட்டும் கவனித்திருந்தால் போதும் என்றும் இளவரசரிடம் சொன்னாராம். அதாவது, தவறு வேலைக்காரரிடம் மட்டும் இல்லை, அளவுக்கு மீறி ஏற்றுக்கொண்ட வீட்டுக்காரரிடமும் உண்டு.

இன்று இந்தத் தொழிலுக்கு ஒப்பந்தங்களும் சங்கங்களும் வந்துவிட்டன. அமெரிக்காவில் மாநாட்டு அமைப்பாளர்கள் 1972இல் தங்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்பதை நிறுவனம் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் வந்தால் பொறுப்பு யாருடையது என்றும் ஒப்பந்தத்தில் இருக்கும். வதேலுக்கு இல்லாத பாதுகாப்பு இதுதான்.

ஆக, அனுபவமுள்ள ஒருவரை அமர்த்துவது நல்லதுதான். ஆனால் அதோடு முதலாளியின் வேலை முடிந்துவிடுவதில்லை. சரியான எண்ணிக்கை, கைமாற்ற ஒரு ஆள், சொன்னால் கேட்கும் காது, இந்த மூன்றையும் அவர்தான் கொடுக்க வேண்டும். மீன் தாமதமாகலாம். அது ஒரு மனிதரின் உயிரைவிடப் பெரியதல்ல என்று அந்த அதிகாலையில் வதேலிடம் சொல்ல யாரும் இல்லை.