ஒமேகா
'இதுல ஒமேகா இருக்கா?' என்று எண்ணெய்க் கடையில் கேட்கிறார்கள், ஏதோ வைட்டமின் மாதிரி. ஒமேகா பொருளல்ல, ஓர் இடம். 'ஓ மெகா' என்றால் கிரேக்கத்தில் பெரிய ஓ. நம் நெடில் ஓகாரமேதான். குறில் ஒகரம் 'ஓமைக்ரான்', சின்ன ஓ. பழங்காலக் கிரேக்கர் ஒமேகாவை வெறும் ஓ என்றே சொன்னார்கள். 'மெகா' பிற்காலத்து ஒட்டு. அரிச்சுவடியின் கடைசி எழுத்தாக இருந்ததால் 'முடிவு' என்ற பொருளும் ஏறிக்கொண்டது. தமிழ் விவிலியத்தின் 'ஓமெகா'வும் அதுதான். வேதியியலார் அந்தப் பெயரைக் கொழுப்பு அமிலச் சங்கிலியின் வால்நுனிக் கரிமத்துக்கு வைத்தார்கள். அங்கிருந்து எண்ணி, முதல் இரட்டைப் பிணைப்பு மூன்றாவது கரிமத்தில் வந்தால் ஒமேகா 3. இப்படி வாலிலிருந்து எண்ணுவதில் ஒரு வசதி உண்டு. பாலூட்டிகளின் உடல் சங்கிலியை இரண்டிரண்டு கரிமமாக நீட்டுவதும், புதிய இரட்டைப் பிணைப்பு போடுவதும் தலைப்பக்கத்தில்தான். ஆளிவிதையின் 18 கரிம லினோலெனிக் அமிலம் நமக்குள் 20, 22 என்று வளர்ந்தாலும் ஒமேகா 3 ஆகவே இருக்கும். ஒமேகா 6 ஒருநாளும் 3 ஆகாது. ஒமேகா 3-ஐத் தமிழாக்கி 'கடை 3' என்றால் மூன்றாம் நம்பர் கடை என்றாகிவிடும். 'ஈற்று 3' தேவலை. பல் ஈறு கொஞ்சம் குறுக்கே வந்தாலும், 'ஈற்றெழுத்து' படித்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.