ஒன்ராறியோவில் குளிர்கால வாகன ஓட்டமும் விபத்துப் பொறுப்பும்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஆண்டுதோறும் பல மாதங்கள் சாலைகள் பனியாலும் பனிக்கட்டியாலும் மூடப்படுகின்றன. இக்காலத்தில் நிகழும் வாகன விபத்துகளுக்கு யார் பொறுப்பு என்பதை மாகாணத்தின் காப்புறுதிச் சட்டமும் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டமும் பொதுவான கவனக்குறைவுச் சட்டமும் வரையறுக்கின்றன. பனியில் வழுக்கியதால் நேர்ந்த விபத்துக்கு ஓட்டுநர் பொறுப்பல்லர் என்று சிலர் கருதுவதுண்டு. ஒன்ராறியோவின் காப்புறுதி விதிகளின்படி இது தவறான கருத்தாகும். ரொறன்ரோ பெரும்பாகத்தில் வாழும் தமிழர்களுள் பலர் பனியே இல்லாத நாடுகளில் வாகனம் ஓட்டப் பழகியவர்கள் என்பதால், அவர்களுக்கும் இவ்விதிகளை அறிந்திருத்தல் பயனுடையது.

பனிச்சாலையின் இயற்பியல்

ஓடும் வாகனத்தை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு ஆகும். உராய்வுக் குணகம் உலர்ந்த தார்ச்சாலையில் ஏறத்தாழ 0.7, இறுகிய பனியில் 0.3, பனிக்கட்டியில் 0.1 எனக் கொண்டால், மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் வாகனம் பிரேக்கை அழுத்திய பின் நிற்க எடுக்கும் தொலைவு முறையே சுமார் 14, 33, 98 மீட்டர் ஆகும். ஓட்டுநர் ஆபத்தை உணர்ந்து செயற்படும் நேரத்தில் வாகனம் கடக்கும் தொலைவு இதில் சேராது. வேகம் இருமடங்கானால் நிற்கும் தொலைவு நான்கு மடங்காகும்.

சாலையின் மேல் மெல்லிய படலமாக உறையும் பனிக்கட்டி நிறமற்றது. அதனூடாகச் சாலையின் கருமை தெரிவதால் அது கரும்பனிக்கட்டி எனப்படுகிறது. பார்வைக்கு ஈரச்சாலை போலவே தோன்றும். பாலங்களின் மேற்பரப்பு கீழிருந்தும் குளிர்வதால், மற்றச் சாலைப்பகுதிகளுக்கு முன்னரே அங்கு பனி உறைகிறது.

குளிர்கால டயர்கள்

வெப்பநிலை சுமார் 7 °செ-க்குக் கீழே செல்லும்போது சாதாரண டயர்களின் ரப்பர் இறுகிப் பிடிமானத்தை இழக்கத் தொடங்குகிறது. குளிர்கால டயர்களின் ரப்பர் தாழ்ந்த வெப்பநிலையிலும் மென்மையாக இருக்கும். பக்கவாட்டில் பொறிக்கப்பட்ட, மூன்று முகடுகளைக் கொண்ட மலையும் அதனுள் பனித்துகளும் இவற்றின் அடையாளம் ஆகும். நான்கு சக்கரங்களுக்கும் இவற்றைப் பொருத்த வேண்டும். இரண்டுக்கு மட்டும் பொருத்தினால் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் பிடிமானம் வேறுபட்டு வாகனம் எளிதில் சுழலக்கூடும்.

கியூபெக் மாகாணத்தில் 2008 முதல் குளிர்கால டயர்கள் கட்டாயமாக்கப்பட்டன. 2019 முதல் அங்கு இக்கட்டாயம் டிசம்பர் 1 தொடங்கி மார்ச் 15 வரை நீடிக்கிறது. ஒன்ராறியோவில் இவை கட்டாயமல்ல. எனினும், இவற்றைப் பொருத்துவோருக்குக் காப்புறுதி நிறுவனங்கள் கட்டணக் கழிவு வழங்க வேண்டும் என்னும் விதி 2016 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது.

பாதுகாப்பான ஓட்டம்

* புறப்படுமுன் கண்ணாடிகள், விளக்குகள், கூரை ஆகியவற்றில் படிந்த பனியை முழுவதும் அகற்ற வேண்டும். கூரையில் விடப்படும் பனி, பிரேக் பிடிக்கும்போது முன்கண்ணாடியின் மேல் சரிந்து பார்வையை மறைக்கும்.
* முன்செல்லும் வாகனத்துடனான இடைவெளியைப் பலமடங்கு கூட்ட வேண்டும்.
* வாகனம் வழுக்கினால் முடுக்கியிலிருந்து காலை எடுத்து, செல்ல விரும்பும் திசையை நோக்கியே ஸ்டீரிங்கைத் திருப்ப வேண்டும்.
* சக்கரப் பூட்டுத் தடுப்பு வசதியுள்ள வாகனத்தில் பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல் தொடர்ந்து அழுத்த வேண்டும்.
* நீல விளக்கு மின்னும் பனி அகற்றும் வண்டிகளை முந்த முயலக்கூடாது.
* பனியில் சிக்கிய வாகனத்தின் இயந்திரத்தை இயக்குமுன் புகைபோக்கியை மூடிய பனியை அகற்ற வேண்டும். இல்லையெனில் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்து உயிரைப் பறிக்கக்கூடும்.

தவறு நிர்ணய விதிகள்

ஒன்ராறியோவில் ஒரு விபத்தில் எவர் எத்தனை விழுக்காடு தவறுடையவர் என்பதைக் காப்புறுதி நிறுவனங்கள் தம் விருப்பப்படி முடிவு செய்வதில்லை. காப்புறுதிச் சட்டத்தின் கீழான 668ஆம் இலக்க ஒழுங்குவிதி இதனை நிர்ணயிக்கிறது. வானிலை, சாலையின் நிலை, பார்வைத்தெளிவு ஆகியவற்றைக் கருத்தில் கொள்ளாமலேயே தவறு தீர்மானிக்கப்படும் என இவ்விதி வெளிப்படையாகக் கூறுகிறது. பனிப்புயல் நாளாயினும் கோடைநாளாயினும் விடை ஒன்றே.

ஒரே தடத்தில் முன்செல்லும் வாகனத்தின் பின்புறம் மோதினால் பின்னால் வந்தவரே 100 விழுக்காடு தவறுடையவர். நின்றிருக்கும் இரு வாகனங்களில் பின்னதன் மேல் மூன்றாவது வாகனம் மோதி, அது முன்னதை இடித்தால், மூன்றாவது ஓட்டுநரே முழுத் தவறுடையவர். பனியில் சறுக்கி நடுக்கோட்டைத் தாண்டி எதிர்வரும் வாகனத்தில் மோதியவருக்கும் இதே நிலைதான்.

காவல்துறை குற்றம் சாட்டாமல் விட்டாலும் காப்புறுதிக்கான தவறு நீங்குவதில்லை. மருத்துவம், மறுவாழ்வு ஆகியவற்றுக்கான விபத்து நலன்கள் தவறுடையவருக்கும் கிடைக்கும். ஆனால் அவர் காப்புறுதிக்குச் செலுத்தும் கட்டணம் உயரக்கூடும்.

நீதிமன்றத்தில் பொறுப்பு

காயமடைந்தவர் இழப்பீடு கோரி வழக்குத் தொடுக்கும்போது மேற்கண்ட விதிகள் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. அங்கு வானிலையும் ஆராயப்படும். எனினும் அது பெரும்பாலும் ஓட்டுநருக்கு எதிராகவே அமைகிறது. பனி கண்ணுக்குத் தெரிந்திருந்தால் நியாயமான ஓட்டுநர் வேகத்தைக் குறைத்திருப்பார் என்பதே நீதிமன்றத்தின் அளவுகோல். விதிக்கப்பட்ட உச்ச வேகத்துக்குள் சென்றேன் என்பது மட்டும் போதிய விடையாகாது. நியாயமான கவனத்துடன் ஓட்டியும் தவிர்க்கவே இயலாத விபத்து என்று காட்டினால் மட்டுமே ஓட்டுநர் பொறுப்பிலிருந்து விடுபட முடியும்.

பாதசாரி மீது வாகனம் மோதினால், தாம் கவனக்குறைவாக இருக்கவில்லை என்று மெய்ப்பிக்கும் சுமை ஓட்டுநரையே சாரும். மேலும், உரிமையாளரின் சம்மதத்துடன் வேறொருவர் ஓட்டிய வாகனம் விபத்துக்குள்ளானால் உரிமையாளரும் பொறுப்பாவார். எனவே பனிக்காலத்தில் நண்பருக்கோ உறவினருக்கோ காரைக் கொடுப்பவர் இதனை மனத்தில் கொள்ளவேண்டும்.

நகராட்சியின் பொறுப்பு

சாலையை நியாயமான நிலையில் பராமரிப்பது 2001ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டத்தின்படி நகராட்சியின் கடமையாகும். எத்தனை சென்டிமீட்டர் பனி சேர்ந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் அகற்ற வேண்டும் என்பதைக் குறைந்தபட்சப் பராமரிப்புத் தரங்கள் சாலையின் வகைக்கேற்ப வரையறுக்கின்றன. அத்தரங்களை நிறைவேற்றிய நகராட்சி பொறுப்பிலிருந்து விடுபடும்.

சாலைப் பராமரிப்புக் குறைவே விபத்துக்குக் காரணம் எனக் கருதுபவர் 10 நாட்களுக்குள் நகராட்சிக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். தக்க காரணம் போன்ற சில விலக்குகள் தவிர, இக்காலக்கெடு தவறினால் வழக்குத் தொடுக்கும் உரிமை இழக்கப்படலாம். வழக்குத் தொடுப்பதற்குப் பொதுவாக இரண்டு ஆண்டுகள் உள்ளன என்று எண்ணி, மருத்துவமனையில் இருக்கும் காலத்திலேயே இப்பத்து நாட்களைக் கடந்துவிடும் ஆபத்து உண்டு. காயமடைந்தவர் இயலாத நிலையில் இருந்தால் அவர் சார்பில் குடும்பத்தினர் உடனே அறிவிப்பை அனுப்புவது நன்று. இடம், நேரம், சாலையின் நிலை ஆகியவற்றைக் காட்டும் ஒளிப்படங்களை அன்றே எடுத்து வைத்தல் வேண்டும். அடுத்த நாள் பனி உருகிவிட்டால் சான்றும் அதனுடன் போய்விடும்.