இறுகிய போல்ட், ஸ்டட் அகற்றல்

பழைய மோட்டார் வாகனங்களைப் பழுதுபார்க்கையில், துருவாலும் வெப்பத்தாலும் மரையோடு மரை பிணைந்து வழக்கமான விசைக்குத் திரும்ப மறுக்கும் போல்ட்டையும் ஸ்டட்டையும், அவை பூட்டப்பட்டிருக்கும் பாகத்துக்குச் சேதமில்லாமல் வெளியே எடுக்கும் பட்டறை முறைகள் இத்தலைப்பில் அடங்கும். போல்ட் என்பது ஒரு முனையில் தலையும் மறுமுனையில் மரையும் உடையது. ஸ்டட் தலையற்றது, இரு முனைகளிலும் மரை வெட்டப்பட்டு, ஒரு முனை எஞ்சின் பிளாக் போன்ற வார்ப்புக்குள் நிலையாகத் திருகப்பட்டிருக்க, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மறுமுனையில் நட் ஏறும். போல்ட் உடையாமல் வந்ததா என்பதைக் கொண்டே இவ்வேலையின் தேர்ச்சியை அளப்பது பலரது வழக்கமெனினும், துளை பிழைத்ததா என்று பார்ப்பதே சரியான அளவுகோல். போல்ட் எந்தக் கடையிலும் கிடைக்கும். உற்பத்தி நின்றுபோன வண்டியின் சிலிண்டர் ஹெட் அவ்வாறு கிடைக்காது.

இறுகுவதன் காரணங்கள்

போல்ட்டை முறுக்கும்போது செலுத்தப்படும் விசையில் ஏறத்தாழப் பாதி தலைக்கு அடியிலுள்ள உராய்வையும், ஐந்தில் இரண்டு பங்கு மரைகளின் உராய்வையும் வெல்வதற்கே செலவாகிவிட, எஞ்சிய பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டைச் சற்றே நீட்டி இணைப்பை இறுக்கிப் பிடிக்கிறது. புதிய இணைப்பின் நிலையே இதுவென்றால், பல மழைக்காலங்களைக் கண்ட இணைப்பின் உராய்வு எவ்வளவு கூடியிருக்கும் என்பதை ஊகிக்கலாம். துரு, தான் உருவான இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்வதால், மரைகளுக்கு நடுவிலுள்ள மெல்லிய இடைவெளி நிரம்பி, ஆப்பு இறக்கியது போன்ற அழுத்தம் உண்டாகிறது. பனிக்காலத்தில் சாலைகளில் உப்புத் தூவும் குளிர்நாடுகளிலும், சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களிலும் ஓடிய வண்டிகளில் இது விரைவில் நேர்கிறது.

எஃகு ஸ்டட் அலுமினியத்தினுள் இருக்குமானால், ஈரம் பட்டவுடன் இவ்விரு உலோகங்களுக்கும் இடையே மின்வேதி அரிப்பு தொடங்கி, அலுமினியமே கரைந்து வெண்ணிறப் பொடியாக மாறித் துளையை அடைக்கிறது. வார்ப்பிரும்பு பிளாக்கின் மேல் அலுமினிய ஹெட் அமர்ந்த பிரீமியர் பத்மினி போன்ற கார்களில், நட்டுகளை எல்லாம் கழற்றிய பின்னும் ஹெட் மேலே எழும்பாமல் ஸ்டட்டுகளைப் பற்றிக்கொண்டு நிற்பதற்கு இப்பொடியே பெரும்பாலும் காரணமாகும். புகை வெளியேறும் எக்சாஸ்ட் மேனிஃபோல்டில் இருக்கும் ஸ்டட்டின் நிலைமை வேறு. நாள்தோறும் கடுமையாகக் காய்ந்து ஆறுவதால் அதன் மேற்பரப்பு கருகிச் செதிலாகி, உலோகமும் வலுவிழந்துவிடுகிறது. காரில் மிக எளிதாக முறியும் ஸ்டட் இதுவே.

அளவும் மரையும்

இறுகிய போல்ட்டுகளில் கணிசமானவை துருவினால் அல்லாமல் பொருந்தாத ஸ்பேனரால் கெடுகின்றன. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசையை அடியொற்றி, கல்கத்தாவுக்கு அருகிலுள்ள உத்தரபாராவில் 2014 வரை உற்பத்தியான அம்பாசடர் கார் இதற்குத் தக்க சான்றாகும். அதன் பழைய பெட்ரோல் எஞ்சினில் இருப்பவை, 1948இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய நாடுகள் உடன்பட்ட யூனிஃபைடு எனும் அங்குல மரைகள். 1990களில் பொருத்தப்பட்ட இசுசு எஞ்சினிலோ மெட்ரிக் மரைகள். ஆகவே ஒரே வண்டியில் இருவகை அளவும் கலந்திருக்கக்கூடும். 5/16 அங்குல போல்ட்டின் தலை அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. அகலமுடையது, அதில் 13 மி.மீ. ஸ்பேனர் ஏறிவிடும் என்றாலும், 0.3 மி.மீ. தொய்வு இருப்பதால், இறுகிய போல்ட்டில் முதல் இழுப்பிலேயே தலையின் மூலைகள் மழுங்கிவிடுகின்றன. 7/16 அங்குலத் தலையில் 11 மி.மீ. ஏறாது, 12 மி.மீ. சுழன்று நழுவும். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் அங்குலத்தை எட்டு நூலாகப் பகுத்து, 3/8 அங்குலத்தை மூன்று நூல் என்று இன்றும் அளந்து பேசுகிறார்கள். ஆனால் அந்த அளவுக்குரிய ஸ்பேனர் செட்தான் பல கடைகளில் இல்லை. மூலைகளில் மட்டும் பிடிக்கும் பன்னிரு முனை ரிங்கைவிட, தலையின் ஆறு பக்கங்களிலும் படிந்து பிடிக்கும் ஆறு முனை சாக்கெட்டே இவ்வேலைக்கு ஏற்றது.

திருப்பும் திசையையும் முன்கூட்டி அறிந்திருக்க வேண்டும். கிறைஸ்லர் நிறுவனத்தின் பழைய கார்கள் உள்ளிட்ட சிலவற்றில் இடப்பக்கச் சக்கரங்களின் நட்டுகள் எதிர்மரை கொண்டவை. கழற்றுவதாக எண்ணி அவற்றை மேலும் இறுக்கி ஸ்டட்டை முறிப்பது இன்றும் நிகழ்கிறது.

ஒரு போல்ட் எவ்வளவு முறுக்கைத் தாங்கும் என்பது அதன் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. 12 மி.மீ. போல்ட், அதே உலோகத்தாலான 6 மி.மீ. போல்ட்டைவிட எட்டு மடங்கு முறுக்கைத் தாங்கும். எனவே, ஸ்பேனரில் நீண்ட குழாயைச் செருகி இழுக்கும் முறை சக்கர நட்டுக்குப் பொருந்தினாலும், வாட்டர் பம்பு, தெர்மோஸ்டாட் மூடி, பிரேக்கில் காற்றெடுக்கும் நிப்பிள் போன்ற சிறியவற்றுக்கு முற்றிலும் பொருந்தாது.

எண்ணெயும் அதிர்வும்

முதலில் கம்பித் தூரிகையால் வெளியே தெரியும் மரையைச் சுத்தம் செய்து, ஊடுருவும் எண்ணெய் விட வேண்டும். இவ்வகை எண்ணெய் நீர்த்த தன்மையாலும் குறைந்த பரப்பு இழுவிசையாலும் நுண்ணிய பிளவுகளுக்குள் தானே ஏறிச் செல்கிறது. பலரும் இதற்கெனக் கையாளும் டபிள்யூடி-40, 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ஈரத்தை விலக்கி உலோகத்தைக் காக்கவே உருவாக்கப்பட்டது; இறுகிய போல்ட்டுக்கென்றே தயாரிக்கப்படும் எண்ணெய்கள் தனியே உள்ளன. தானியங்கி கியர் எண்ணெயையும் அசிட்டோனையும் சம அளவில் கலந்து விடுவதும் உண்டு. எளிதில் தீப்பற்றும் இக்கலவை பெயின்டையும் கரைக்கும். மண்ணெண்ணெய் மெதுவாக வேலை செய்யும் என்றாலும் பயனற்றதன்று. எதை விட்டாலும் ஓர் இரவு ஊற விடுவதே பலன் தரும். எண்ணெய் விட்ட ஐந்தாம் நிமிடத்தில் ஸ்பேனரை எடுப்பது எண்ணெய்ச் செலவு மட்டுமே.

ஊறிய பின் போல்ட் தலையின் மீது நேராகச் சுத்தியலால் சில முறை தட்டினால், அந்த அதிர்வில் துருவின் பிணைப்பு நொறுங்கி, எண்ணெய்க்கு வழி திறக்கிறது. அடுத்து, கழற்றும் திசையில் இழுப்பதற்கு முன் இறுக்கும் திசையில் இம்மியளவு அசைத்துப் பார்ப்பது நல்லது. எத்திசையிலாயினும் முதல் அசைவு கிடைத்துவிட்டால் பிணைப்பு விட்டுவிட்டது என்று பொருள். அதன் பின் கால் சுற்று கழற்றி, சிறிது திரும்ப ஏற்றி, மீண்டும் எண்ணெய் விட்டு முன்னும் பின்னுமாக வெளியே கொண்டுவர வேண்டும். ஒரே மூச்சில் இழுத்தால், உதிர்ந்த துரு மரைகளுக்கு நடுவே திரண்டு மீண்டும் இறுக்கிவிடும். திரும்பும்போது விசை குறையாமல் ரப்பரைப் போல நெகிழ்வது, போல்ட் முறியப்போவதன் அறிகுறி.

வெப்பம்

அனுபவமிக்க மெக்கானிக்குகள் மிகுதியும் நம்புவது வெப்பத்தையே. நட்டைச் சூடாக்கினால் அது விரிந்து போல்ட்டைவிட்டு விலகும்; போல்ட்டையே சூடாக்கினால், சுற்றியுள்ள உலோகம் விரிய விடாமல் நெருக்க, அது நசுங்கி, ஆறும்போது முன்னிலும் சற்று மெலிந்துவிடும். இரண்டு வழிகளிலும் துருவின் பிணைப்பு உடைகிறது. அலுமினிய வார்ப்பினுள் இருக்கும் எஃகு ஸ்டட்டுக்கு வெப்பம் இன்னும் துணையானது. ஏனெனில் ஒரே அளவு சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரிகிறது. 10 மி.மீ. துளையின் வெப்பநிலையை 150 பாகை செல்சியஸ் உயர்த்தினால், துளைக்கும் ஸ்டட்டுக்கும் இடையே ஏறத்தாழ 0.016 மி.மீ. இடைவெளி பிறக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இவ்வளவு போதும். ஆனால் எஃகு காயும்போது சிவந்து எச்சரிப்பதைப் போல அலுமினியம் எச்சரிப்பதில்லை. 660 பாகையில், நிறம் மாறாமலே திடீரென்று உருகிச் சரிந்துவிடும். சூடான மரையின் விளிம்பில் மெழுகைத் தொடுவித்தால், அது உருகி உள்ளே இழுக்கப்பட்டு மசகாகிறது.

வாயு விளக்கை ஏற்றுமுன் பெட்ரோல் குழாய், ரப்பர் புஷ், மின்கம்பி ஆகியவை அருகில் இல்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும். எண்ணெயும் வாயுவும் அடைத்த ஷாக் அப்சார்பரைச் சூடாக்கினால் வெடிக்கக்கூடும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் தெளித்த இடத்தில் தீயோ வெல்டிங்கோ பட்டால் ஃபாஸ்ஜீன் என்னும் கொடிய நச்சுவாயு உண்டாகும். சுருள் கம்பிக்குள் மின்காந்தத் தூண்டலால் நட்டை மட்டும் சிவக்கச் செய்யும் கருவி, தீச்சுடருக்கு நல்ல மாற்றாகும்.

ஸ்டட்டும் முறிந்த துண்டும்

ஸ்டட்டுக்குத் தலையில்லாததால், அதன் மரையில் இரண்டு நட்டுகளை ஏற்றி ஒன்றோடொன்று இறுகப் பூட்டி, உள்நட்டில் ஸ்பேனரிட்டுக் கழற்றுவது தொன்றுதொட்ட வழி. உருளைகளால் தண்டைக் கவ்விப் பிடிக்கும் ஸ்டட் எக்ஸ்ட்ராக்டர் இதைவிட வலிய பிடி தரும். பைப் ரிஞ்சு போட்டுக் கழற்றிய ஸ்டட்டை மீண்டும் பயன்படுத்தலாகாது. பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் ஸ்டட்டின் வார்ப்புப் பக்கம் பருமரையாகவும் நட் பக்கம் நுண்மரையாகவும் இருப்பதால், மாற்று ஸ்டட் வாங்குகையில் இரு முனைகளையும் அளக்க வேண்டும்.

முறிந்த துண்டு வார்ப்பின் மட்டத்திலோ சற்றே உள்ளேயோ நின்றுவிட்டால், அதன்மேல் ஒரு நட்டை வைத்து நடுத்துளை வழியே வெல்டிங் செய்து, சிவப்பு அடங்கியதும் திருப்புவதே முதலில் முயல வேண்டிய வழி. வெல்டிங்கின் சூடே பாதி வேலையை முடித்துவிடுகிறது. அது கைகூடாதபோது துண்டின் நடுப்புள்ளியில் குறியிட்டுத் துளையிட வேண்டும். எதிர்த்திசையில் சுழலும் டிரில் பிட் பயன்படுத்தினால், துளையிடும்போதே துண்டு வெளியேறிவிடுவதும் உண்டு. துளையில் செருகித் திருகும் ஈசி-அவுட் பெயரளவில்தான் எளியது. மிகக் கடினமான எஃகினாலான அது உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் அதில் ஏறாது. பின்னர் மின்பொறியால் உலோகத்தை அரிக்கும் ஸ்பார்க் ஈரோஷன் எந்திரம் உள்ள பட்டறைக்கே பாகத்தைக் கொண்டுசெல்ல நேரும். தலை முறியும் அளவுக்கு இறுகிய போல்ட்டை, அதைவிட மெலிந்த கருவியால் திருப்ப முயல்வதில் பொருளில்லை.

மரையே அழிந்துவிட்டால், துளையைப் பெரிதாக்கிப் புதிய மரை வெட்டி, துருப்பிடிக்காத எஃகுக் கம்பிச் சுருளான ஹெலிகாயிலைச் செலுத்தி, பழைய அளவையே மீட்கலாம்; 8 மி.மீ. மரைக்கு 8.3 மி.மீ. துளை வேண்டும். அலுமினியத்தில் இவ்வாறு சரிசெய்த மரை பழைய மரையைவிட உறுதியாகவே நிற்கும்.

மீண்டும் பூட்டுகையில் செம்புத் துகள் கலந்த பசையை மரையில் பூசுவதும், எக்சாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பித்தளை நட் இடுவதும் அடுத்த முறைக்கான வேலையைக் குறைக்கும். பசை பூசிய மரையில் உராய்வு குறைந்திருப்பதால், உலர்ந்த மரைக்கெனக் கையேடு கூறும் முறுக்களவைக் குறைத்தே இறுக்க வேண்டும். பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் பகுதிகளில் சிவக்கக் காய்ச்சி எடுத்த போல்ட்டின் உலோகப் பதம் போய்விட்டிருக்கும் என்பதால், அதை மறுபடி பூட்டாமல், தலையில் 8.8 போன்று பொறித்துள்ள அதே தர எண்ணுடைய புதிய போல்ட்டையே பொருத்த வேண்டும்.