கிக் அடித்தும் ஸ்டார்ட் ஆகாத டூ ஸ்ட்ரோக்: ஒரு சின்ன எஞ்சினின் பெரிய சரித்திரம்



லீவு தொடங்கினால் எங்கள் ஊர்த் தம்பிமாரின் பெரிய கவலை, சின்ன டர்ட் பைக் ஸ்டார்ட் ஆகாததுதான். இருபது முப்பது தரம் கிக் அடிப்பார்கள். பிறகு ப்ளக்கை மாற்றுவார்கள், அடுத்த கிழமை காபரேட்டரை மாற்றுவார்கள். வாப்பாவின் காசு போகும், பைக் அப்படியே நிற்கும்.

நான் சரித்திரம் படிப்பிக்கிறவன். அந்த எஞ்சினில் உள்ள ஒவ்வொரு பாகமும் யாரோ ஒருவர் ஒரு பிரச்சினையைத் தீர்க்க வைத்தது. அந்தக் கதை தெரிந்தால், எங்கே தேடுவது என்பதும் தெரியும்.

1881இல் ஸ்கொட்லாந்துக்காரர் டுகல்ட் கிளார்க் டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் வாயுவை உள்ளே தள்ள அதற்கு இன்னொரு சிலிண்டர் தேவைப்பட்டது. இங்கிலாந்தின் பாத் நகரத்து ஜோசப் டே 1891இல் அந்த இரண்டாவது சிலிண்டரை இல்லாமலாக்கினார். பிஸ்டன் கீழே வரும்போது அடியிலுள்ள கிரேங்க் பெட்டியே பம்ப் போல வேலை செய்யும். இன்றைய டர்ட் பைக்கும் இதே முறையில்தான் ஓடுகிறது. ஆகவே அந்தப் பெட்டி காற்றுப் புகாமல் மூடியிருக்க வேண்டும். கிரேங்க் ஒயில் சீல் தேய்ந்தால் அந்த வழியாகக் காற்று புகும், பெற்றோல் கலவை மெலியும், ஸ்டார்ட் ஆகாது. கியர் பக்கத்துச் சீல் போனால் கியர் ஒயில் உறிஞ்சப்பட்டு வெள்ளைப் புகை தள்ளும். எத்தனை ப்ளக் மாற்றினாலும் இது தீராது.

1902இல் ஜேர்மனியில் பொஷ் நிறுவனத்தின் பொறியியலாளர் கொட்லொப் ஹொனோல்ட் உயர் அழுத்த மின் மெக்னீட்டோவைச் செய்தார். பெட்டரி இல்லாமலே சக்கரம் சுற்றும் வேகத்தில் பொறி பிறந்தது. சின்ன பைக்குகள் பலவற்றில் இன்றும் இதே வழிதான். மெதுவாகக் கிக் அடித்தால் பொறியும் பலவீனமாகத்தான் வரும்.

யோர்க்ஷயரைச் சேர்ந்த அல்பிரட் ஸ்கொட் 1908இல் டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தார். தள்ளிக்கொண்டு ஓடி ஸ்டார்ட் செய்த அந்தக் காலத்தில், காலால் உதைக்கும் கிக் ஸ்டார்ட்டரை முதலில் பொருத்தியவர்களில் அவரும் ஒருவர். அவருடைய பைக்குகள் 1912, 1913 இரண்டு வருடமும் ஐல் ஒஃப் மேன் சீனியர் டீ.டீ. பந்தயத்தை வென்றன. கிக்கர் எதிர்ப்பே இல்லாமல் கீழே போனால் கொம்ப்ரஷன் இல்லை. ரிங்கோ பிஸ்டனோ தேய்ந்திருக்கும்.

பிறகு ஜேர்மனியின் ஸ்ஷொப்பாவ் நகரத்து டீ.கே.டபிள்யூ. தொழிற்சாலை. அங்கு 1939இல் வந்த ஆர்.டீ. 125 மொடலை, யுத்தம் முடிந்ததும் வெற்றி பெற்ற நாடுகள் அப்படியே பிரதி செய்தன. ரஷ்யாவின் மொஸ்க்வா, பிரித்தானியாவின் பீ.எஸ்.ஏ. பான்டம், அமெரிக்காவின் ஹார்லி 125 எல்லாம் அதன் பிள்ளைகள். தோற்ற நாடான யப்பானிலும் 1955இல் யமஹாவின் முதல் பைக் அதைப் பார்த்தே பிறந்தது.

அதே நகரத்தில் எம்.ஸெட். பொறியியலாளர் வோல்டர் காடன், வயிறு பருத்த சைலன்ஸரின் இரகசியத்தைக் கண்டு எஞ்சினின் பலத்தைக் கூட்டினார். அவருடைய ஓட்டவீரர் ஏர்ன்ஸ்ட் டெக்னர் 1961இல் சுவீடன் பந்தயத்தின்போது கிழக்கு ஜேர்மனியை விட்டுத் தப்பி, அந்த அறிவை சுசூகிக்குக் கொண்டுபோனார். அடுத்த வருடமே சுசூகியில் 50 சி.சி. உலகப் பட்டம் வென்றார். அந்த சைலன்ஸரில் கரி அடைத்தால் புகை வெளியேறாது, எஞ்சின் மூச்சுத் திணறும்.

இப்போது தேடும் ஒழுங்கு. முதலில் பெற்றோல் புதிதா என்று பாருங்கள். மாதக்கணக்கில் கிடந்த கலவையை ஊற்றிவிடுங்கள். ஒயில் அளவை பைக்கின் கைநூல் சொன்னபடி போடுங்கள்: 20க்கு 1 என்றால் லீற்றருக்கு 50 மில்லி, 50க்கு 1 என்றால் 20 மில்லி. அடுத்து, கிக் அடித்த கையோடு ப்ளக்கைக் கழற்றுங்கள். காய்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை. டெப்பையும் காபரேட்டரின் சின்ன ஜெட்டையும் சுத்தம் செய்யுங்கள். நனைந்திருந்தால் பெற்றோலை நன்றாகத் துடைத்து, ப்ளக்கை அதன் ஓட்டையிலிருந்து தூர எஞ்சின் இரும்பில் தொடவைத்து, கிக் அடித்துப் பொறி பாருங்கள். பொறி இருந்தும் நனைந்திருந்தால் பெற்றோல் கூடிவிட்டது. டெப்பை மூடி, திரொட்டிலை முழுதாகத் திறந்து, ப்ளக் இல்லாமல் சில தரம் கிக் அடித்துக் காயவிடுங்கள். இவை எல்லாம் சரி என்றால் மட்டும் கொம்ப்ரஷன், சைலன்ஸர், சீல் பக்கம் போங்கள்.

பெற்றோலோடு ஒயிலும் எரிவதால் இந்த எஞ்சின் புகை கக்கும். அதனால்தான் நம் நாட்டிலும் 2008 முதல் டூ ஸ்ட்ரோக் முச்சக்கர வண்டி இறக்குமதி நிறுத்தப்பட்டது. அது நல்லதுதான். ஆனால் காதால் கேட்டே நோய் சொல்லும் பாஸ்மாரும் ஒவ்வொருவராகக் குறைகிறார்கள். தம்பிமாரே, உங்கள் ஊர்க் கராஜில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த லீவில் பக்கத்தில் போய் இருங்கள். சாமான் கடையில் காசுக்குக் கிடைக்கும். அந்தக் காது எந்தக் கடையிலும் கிடைக்காது.