செலாவணிச் சட்டத்தின் காவலில் விளைநிலம்: வேலம்பாளையத்தை முன்வைத்து

வெளிநாட்டார் இந்தியாவில் விளைநிலம் வாங்க முடியாது என்பது பத்திர எழுத்தர் முதல் பேராசிரியர் வரை எல்லோரும் சொல்வது. எந்தச் சட்டம் தடுக்கிறது என்று கேட்டால்தான் சிக்கல் தெரியவரும். தமிழ்நாட்டின் நிலச் சட்டங்களில் அப்படியொரு தடை இல்லை. அது இருப்பது 1999ஆம் ஆண்டின் அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்திலும், அதன்கீழ் 2019இல் வந்த விதிகளிலும். பணப் போக்குவரத்தைக் கண்காணிக்கப் பிறந்த சட்டத்திடம் மண்ணின் காவலை ஒப்படைத்துவிட்டு மாநிலம் ஒதுங்கி நிற்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அதிகாரம் இல்லாமல் ஒதுங்கவில்லை. அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் விளைநிலக் கைமாற்றம் மாநிலப் பட்டியலின் 18ஆம் இனத்தில் வருகிறது. சொத்துக் கைமாற்றம் பற்றிய பொதுப்பட்டியலின் 6ஆம் இனமோ விளைநிலத்தை வெளிப்படையாகவே விலக்கிவிடுகிறது. இமாசலப் பிரதேசம் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் 118ஆம் பிரிவால் உழவரல்லாதாரைத் தடுக்கிறது. கர்நாடகமும் அவ்வாறே தடுத்துவந்து 2020இல் தடையை நீக்கியது. தமிழ்நாட்டின் 1961ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம் எவ்வளவு வைத்திருக்கலாம் என்பதோடு நின்றுவிடுகிறது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு முதலில் 30 தர ஏக்கர், 1970ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் 15. யார் வாங்கலாம் என்ற கேள்வியே அதில் எழவில்லை.

செலாவணிச் சட்டம் அந்த இடத்தை நிரப்பும் விதம் விசித்திரமானது. அது பார்ப்பது குடியுரிமையை அல்ல, வசிப்பிடத்தை. துபாயில் வேலை பார்க்கும் திருப்பூர் வேலம்பாளையத்துக்காரர் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும் பக்கத்துத் தோட்டத்தைத் தம் பேரில் கிரயம் வாங்க முடியாது. அப்பா விட்டுப்போன தோட்டத்தை வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஆண்டுக்கணக்கில் இங்கேயே தங்கி வேலை பார்க்கும் ஜெர்மானியரை இத்தடை நேரடியாகக் கட்டுப்படுத்துவதில்லை. அவரைத் தடுக்க மாநிலச் சட்டம் வேண்டும். அது இங்கே இல்லை. தேயிலை, காப்பி, ரப்பர்த் தோட்டத் தொழிலில் 100 விழுக்காடு அன்னிய முதலீட்டுக்கு அனுமதி உண்டு. ஆனால் அதே துபாய்க்காரர் தனியாளாகப் போனால் தேயிலைத் தோட்டமும் வாங்க முடியாது.

மற்ற நாடுகள் சற்றுத் தெளிவாக இருக்கின்றன. இலங்கையின் 2014ஆம் ஆண்டு 38ஆம் இலக்கச் சட்டம் பாதியோ அதற்கு மேலோ பங்கு அயலார் கையில் உள்ள உள்நாட்டுக் கம்பெனியையும் அயலாராகவே கொள்கிறது. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலம் 2023இல், சீன அரசுக்குச் சொந்தமான சின்ஜென்டாவின் துணை நிறுவனம் வைத்திருந்த 160 ஏக்கரை விற்றுவிடச் சொன்னது. அங்கே பேசப்படும் காரணம் நாட்டுப் பாதுகாப்பு. நிலம் யாருடையது என்பதே இரண்டு சட்டங்களின் கேள்வி; அதில் என்ன நடக்கிறது என்பது அல்ல.

இந்தக் கேள்வி வேலம்பாளையத்தில் எடுபடாது. நான் சொல்வது திருப்பூரின் 15 வேலம்பாளையத்தை. பல்லடம் பக்கம் 63 வேலம்பாளையம் என்று இன்னொன்று இருக்கிறது. பத்திரத்தில் எண்ணை விட்டால் ஊரே மாறிப்போகும். தனி நகராட்சியாக இருந்து 2011இல் திருப்பூர் மாநகராட்சியோடு இணைந்த ஊர் இது. இப்பகுதிப் பழைய கிரயப் பத்திரங்களின் சொத்து விவரத்தில் கிணற்றில் பங்கு, மோட்டார் பம்புசெட், வண்டித்தடப் பாத்தியம் என்று நீரும் வழியும் வரிசையாக வரும். அதே பூமி சைட்டாகப் பிரிந்தபின் எழுதிய பத்திரத்தில் அடிக்கணக்கும் நான்கெல்லையும் மட்டுமே மிஞ்சும். வாங்கியவர்கள் பனியன் கம்பெனி வைத்தவர்கள், சைட் போட்டு விற்றவர்கள், கூலி வேலைக்கு வந்து வீடு கட்டியவர்கள், எல்லோரும் இந்நாட்டார். விற்ற குடும்பத்தையும் குறை சொல்ல முடியாது. கிணறு வற்றிய தோட்டத்துக்குச் சைட் விலை கிடைத்தால் யார் விடுவார்கள்?

கீழே போனால் நொய்யல் ஆறு. பாசனத்துக்காக 1992இல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவுநீர் தேங்கியது. அந்தத் தண்ணீர் வயலுக்கு வேண்டாம் என்று விவசாயிகளே வழக்காடும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தச் சாயம் ஏறிய பனியன்களில் பெரும்பங்கு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனது. வெளிநாட்டார் ஒரு சென்ட் நிலமும் வாங்காமலே இந்த மண்ணின் விளைச்சல் அவர்களுக்காகச் செலவானது. அவர்கள் மேல் மட்டும் பழியைப் போடுவதும் நியாயமில்லை. கழிவை ஆற்றில் விட்டவர்கள் நாம்தான்.

அயலார் கையில் நிலம் போனால் உணவும் நீரும் போகும் என்ற அச்சத்தை நான் தள்ளிவிடவில்லை. ஆப்பிரிக்காவில் அது நடந்திருக்கிறது. ஆனால் கொங்கு நாட்டில் அந்த இழப்பு அயலார் வராமலே நேர்ந்துவிட்டது. வாங்குபவரைப் பார்க்கும் சட்டத்துக்கு முன்னால், நிலத்தின் பயனைப் பார்க்கும் சட்டம் இங்கே தேவை. அதற்கு முன்மாதிரியும் இருக்கிறது: 2020இல் காவிரி டெல்டாவுக்கென இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம். தோல் பதனிடும் ஆலை அதன் தடைப்பட்டியலில் உண்டு, சாயப்பட்டறை இல்லை. நொய்யல் படுகை அதன் எல்லைக்குள்ளேயே வரவில்லை. சட்டமன்றம் முதலில் திருத்த வேண்டியவை இந்த இரண்டும்தான்.