வீட்டுக் கணினியும் சுண்டிக்குளி முத்தையாவின் விசைப்பலகையும்

ஆரம்பகால வீட்டுக் கணினிகளை உருவாக்கியவர்கள் பலர் இன்று எழுபது வயதைக் கடந்துவிட்டார்கள். சிலர் நம்மிடையே இல்லை. 1975இல் 6502 என்ற சில்லை வெறும் 25 டொலருக்குச் சந்தைக்குக் கொண்டுவந்து, வீட்டுக்குள் கணினி வருவதற்கு வழி திறந்த சக் பெடில் 2019 டிசம்பரில் காலமானார். நூறு பவுணுக்கும் குறைந்த விலையில் கணினி விற்க முடியும் என்று 1980இல் பிரித்தானியாவுக்குக் காட்டிய சேர் கிளைவ் சின்கிளேயர் 2021 செப்டெம்பரில் மறைந்தார். எனினும் இவர்களுள் பலருடைய நினைவுகள் உயிரோடிருக்கும்போதே பதிவுசெய்யப்பட்டுவிட்டன. கலிபோர்னியாவில் மவுண்டன் வியூ நகரத்திலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகம் நூற்றுக்கணக்கான பொறியியலாளர்களை அமர்த்தி, மணிக்கணக்கில் பேசவைத்து, அதனை எழுத்திலும் ஒளிப்பதிவிலும் சேமித்து வைத்திருக்கிறது.

அந்த நினைவுகளைப் படிக்கும்போது ஓர் உண்மை புலப்படும். இயந்திரத்தின் விலையும் நினைவகத்தின் அளவும் விளம்பரத் தாள்களிலேயே கிடைத்துவிடும். ஆனால் அந்த இயந்திரம் ஏன் அப்படி அமைந்தது என்பதை அதனைச் செய்தவரின் வாய்தான் சொல்ல வேண்டும்.

கேம்பிரிட்ஜ் நகரத்து ஏக்கோர்ன் நிறுவனத்தின் கதையை உதாரணமாகக் கொள்ளலாம். 1981இல் பிபிசி நிறுவனம் கணினிக் கல்விக்கான தொலைக்காட்சித் தொடருக்குப் பொருத்தமான ஒரு கணினியைத் தேடியது. ஏக்கோர்னிடம் அப்போது காட்டுவதற்கு இயங்கும் மாதிரி எதுவும் இல்லை. ஒரு வாரத்துக்குள் மாதிரியைச் செய்துகாட்ட வேண்டும். நிறுவனத்தை நடத்திய ஹேர்மன் ஹவுசர், ஸ்டீவ் ஃபேர்பரிடம் "ஒரு வாரத்தில் முடியும் என்று சோஃபி வில்சன் சொல்கிறார்" என்றும், சோஃபி வில்சனிடம் "முடியும் என்று ஃபேர்பர் சொல்கிறார்" என்றும் தனித்தனியே சொல்லி இருவரையும் இணங்க வைத்தாராம். வெள்ளிக்கிழமை பிபிசி அதிகாரிகள் வந்து சேர்வதற்குச் சில மணி நேரத்துக்கு முன்னர்தான் அந்த மாதிரி உயிர்பெற்றது. 12,000 கணினிகள் விற்பனையாகும் என்று எதிர்பார்க்கப்பட்ட இடத்தில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவை விற்பனையாயின.

அதே இருவரும் வடிவமைத்த ஆர்ம் என்ற சில்லு 1985 ஏப்ரல் 26ஆம் திகதி முதன்முதலாக இயக்கிப் பார்க்கப்பட்டது. எவ்வளவு மின்சாரத்தை அது உறிஞ்சுகிறது என்று அளந்தபோது அளவுகருவி பூச்சியத்தைக் காட்டியது. சில்லுக்கு மின்சாரம் கொடுக்கும் இணைப்பே பொருத்தப்பட்டிருக்கவில்லை. மற்றக் கம்பிகளின் வழியே கசிந்து வந்த சொற்ப மின்சாரத்திலேயே அது வேலைசெய்துகொண்டிருந்தது. இந்தச் செய்தியை ஃபேர்பரும் வில்சனும் சொல்லாமல் விட்டிருந்தால் நமக்குத் தெரிந்திருக்காது. நல்லூர்க் கந்தன் தேர்த்திருவிழாக் கூட்டத்தில் இன்று தலைக்கு மேல் உயர்த்திப் பிடிக்கப்படும் கைத்தொலைபேசிகள் ஏறத்தாழ எல்லாவற்றிலும் இருப்பது அந்தச் சில்லின் வழித்தோன்றலே. மின்கலம் ஒரு பகல் முழுவதும் தாக்குப்பிடிப்பதற்கு அந்தச் சிக்கனம் ஒரு முக்கிய காரணம்.

சரி, இந்த வரலாற்றில் தமிழுக்கு எங்கே இடம் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். தொடக்கத்தில் இடமே இருக்கவில்லை என்பதுதான் உண்மை. 1982இல் வெளிவந்த சின்கிளேயர் ஸ்பெக்ட்ரம் கணினியின் திரையில் ஒவ்வோர் எழுத்தும் எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு கட்டத்துக்குள் அடங்க வேண்டும். ஆங்கில எழுத்துக்கு அது போதும். நம்முடைய 'ண'வை அந்தக் கட்டத்துக்குள் வரைந்து பாருங்கள். கோட்டுக்கு ஒரு புள்ளி, இடைவெளிக்கு ஒரு புள்ளி என்று கணக்கிட்டால் மூன்று சுழியும் நிமிர்ந்த காலும் எட்டுப் புள்ளி அகலத்துக்குள் அடங்க மறுக்கும். பயன்படுத்துபவர் தாமே வரைந்துகொள்வதற்கென அக்கணினியில் ஒதுக்கப்பட்டிருந்தவை 21 வடிவங்கள். தமிழ் நெடுங்கணக்கிலோ 247 எழுத்துகள்.

இந்தக் கணக்கு நமக்குப் புதியதன்று. கணினிக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே யாழ்ப்பாணத்தவர் ஒருவர் இதே கணக்கோடு மல்லுக்கட்டியிருக்கிறார். சுண்டிக்குளியில் 1886இல் பிறந்த ஆர். முத்தையா, 1907இல் மலாயாவுக்குப் போய் அங்கே அலுவலக உத்தியோகம் பார்த்தவர். ஆங்கிலத் தட்டெழுத்தில் தேர்ந்த அவர், கடமை நேரம் போக மிஞ்சிய நேரத்தில், 247 எழுத்துகளை ஒரு சிறு பொறியின் விசைகளுக்குள் எப்படி அடக்குவது என்று சிந்தித்தார். எழுத்துகளை முழு உருவங்களாக எண்ணாமல், உறுப்புகளாகப் பிரித்தார். கொம்பு, கால், சுழி, புள்ளி ஆகியவற்றைத் தனித்தனி விசைகளாக்கி, அடித்தாலும் தாள் நகராத விசைகளின் மூலம் புள்ளியையும் விசிறியையும் எழுத்தின் தலைமேல் ஏற்றினார். அவருடைய வடிவமைப்பின்படி ஜேர்மனியில் தமிழ்த் தட்டெழுத்துப் பொறிகள் செய்விக்கப்பட்டன. பிற்காலத்தில் திருத்தங்கள் பெற்றுத் தட்டெழுத்துக் கல்லூரிகளில் மாணவர் 'யளனகப' என்று விரல்தேய அடித்துப் பழகிய விசைப்பலகை அவ்வழி வந்ததே.

முத்தையா எந்தப் பெருநிறுவனத்தின் ஆய்வுகூடத்திலும் இருக்கவில்லை. மாதச் சம்பளத்துக்கு வேலைசெய்துவிட்டு வீட்டுக்கு வந்து தன் சொந்தத் தேவைக்காகச் சிந்தித்த மனிதர் அவர். ஹியூலெற் பக்கார்ட்டில் வேலைபார்த்துக்கொண்டே இரவில் அப்பிள் கணினியை வரைந்த ஸ்டீவ் வோஸ்னியாக்கும் அந்த வகையைச் சேர்ந்தவரே. வோஸ்னியாக் தம் வடிவமைப்பை முதலில் தம்முடைய நிறுவனத்திடமே கொடுத்துப் பார்த்தார். அது வேண்டாம் என்றது. தமிழ்க் கணிமையின் முன்னோடிகள் ஏறக்குறைய எல்லோரும் இந்த மரபினர்.

1981ஆம் ஆண்டை ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். இலண்டனில் 69 பவுண் 95 பென்சுக்கு சின்கிளேயரின் இசட்எக்ஸ்81 விற்பனைக்கு வந்தது அந்த ஆண்டில். ஐபிஎம் தனிமனிதக் கணினி ஓகஸ்டிலும் பிபிசி கணினி ஆண்டின் இறுதியிலும் வந்தன. யாழ்ப்பாணத்தில் அதே ஆண்டு மே 31ஆம் திகதி இரவு பொதுநூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. நூல்களைப் பிரதிசெய்து சேமிக்கவல்ல இயந்திரம் மேலைநாட்டு வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த பொழுதில், நாம் பிரதியே இல்லாத ஏடுகளை இழந்துகொண்டிருந்தோம்.

இலங்கைக்குக் கணினி வராமலில்லை. கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் தமது '2010' நாவலைக் கணினியில் எழுதி முடித்து 1982இல் நூலாக்கினார். அதனைத் திரைப்படமாக்கிய பீற்றர் ஹையம்ஸுடன் 1983-84இல் தொலைபேசி இணைப்பின் வழியே கணினிக் கடிதங்கள் பரிமாறிக்கொண்டார். யாழ்ப்பாணத்தின் நிலை வேறு. 1990 நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டபோது மின்சாரம் அற்றுப்போனது. அரசு விதித்த பொருளாதாரத் தடையில் எரிபொருளும் மின்கலமும் அடங்கின. துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட காலம் அது. பத்திரிகைத் தொழிலுக்கு அப்போது புதியவனான எனக்கு, ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் செய்தி எழுதியதும், மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடிய இயந்திரத்தின் ஓசையும், கோடிட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்த செய்தியின் மணமும் இன்னும் நினைவிருக்கின்றன. கணினி என்ற சொல்லை நாங்கள் அறிந்திருந்தோம். அதற்கு ஊட்ட மின்சாரம் இருக்கவில்லை.

ஆகவே ஈழத்தமிழரின் கணினி வரலாறு பெருமளவுக்குப் புலம்பெயர் நாடுகளின் அடுக்குமாடி வீடுகளிலேயே நிகழ்ந்தது. 1983 ஜூலைக்குப் பின்னர் ஐரோப்பாவிலும் கனடாவிலும் சிதறியவர்கள், தமிழ் அச்சு எழுத்து கிடைக்காத ஊர்களில், கையால் எழுதி நிழற்பிரதி எடுத்துச் சிற்றிதழ் நடத்தினார்கள். 1984இல் மக்கின்டோஷ் கணினி வந்தது. 1986இல் எழுத்துருக்களை வீட்டிலிருந்தே வரையக்கூடிய மென்பொருளும் வந்தது. இரவு வேலை முடித்து வந்தவர்கள் விடியும்வரை எழுத்து வரைந்தார்கள். 'பாமினி' எழுத்துரு நம்மவரிடையே பெற்ற செல்வாக்கு யாவரும் அறிந்தது. ஆங்கில விசைப்பலகையில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி ஆகிய ஐந்து விசைகளையும் வரிசையாக அடித்தால் பாமினியில் 'தமிழ்' என்று தோன்றும். த, ம, விசிறி, ழ, புள்ளி என்று உறுப்பு உறுப்பாகச் சேர்க்கும் அந்த முறையும் 'யளனகப' என்ற அதன் வரிசையும் தட்டெழுத்துப் பொறியிலிருந்து வந்தவை. சுண்டிக்குளியிலிருந்து மலாயாவுக்குப் போன ஒருவரின் சிந்தனை, ஜேர்மனியில் பொறியாகி, ரொறன்ரோவிலும் பாரிசிலும் கணினித் திரையில் மீண்டும் தோன்றியது.

பிற நாடுகளிலும் தனிமனிதர்களே முன்னின்றார்கள். கனடாவில் முனைவர் சீனிவாசன் 1980களில் 'ஆதமி'யை ஆக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் 'முரசு' செயலியைத் தொடங்கினார். சிங்கப்பூரில் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி 'கணியன்' அமைத்து, 1997இல் முதலாவது தமிழ் இணைய மாநாட்டையும் கூட்டினார். சுவிட்சர்லாந்தில் வேதியியல் அறிஞரான கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை வரைந்து, 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டத்தைத் தொடக்கி வைத்தார். இவர்களுள் எவரும் தமிழ் எழுத்து வரைவதற்காகச் சம்பளம் பெற்றவரல்லர்.

ஆனால் இந்த உழைப்பின் சாட்சியம் எந்த நிலையில் இருக்கிறது? நா. கோவிந்தசாமி 1999இல் காலமானார். 'தேனீ' எழுத்துருவைத் தந்த அதிராம்பட்டினம் உமர்தம்பி 2006இல் மறைந்தார். அவர்கள் சொல்லக்கூடியதில் பெரும்பகுதி அவர்களோடு போய்விட்டது. எஞ்சியிருப்பவை மாநாட்டு மலர்களிலும் பழைய மடற்குழுக்களிலும் சிதறிக் கிடக்கின்றன.

கோப்புகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கெனத் தனிக் குறியீட்டைக் கொண்டிருந்த காலம் அது. 1991இலேயே யுனிகோட்டில் தமிழுக்கு இடம் கிடைத்துவிட்ட போதிலும், நமது பத்திரிகைகளும் பதிப்பகங்களும் அதற்குப் பின்னரும் பல ஆண்டுகள் பழைய எழுத்துருக்களிலேயே தங்கியிருந்தன. தமிழ்நாட்டு அரசு யுனிகோட்டை ஏற்றது 2010இல். உரிய எழுத்துரு இல்லாமல் பழைய பாமினிக் கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே தெரியும். பாமினிக்கு மாற்றிகள் உண்டு. ஒருவர் தம் இதழுக்கென்று வரைந்து, பெயர்கூட வைக்காமல் பயன்படுத்திய எழுத்துருவுக்கு என்ன செய்வது? அந்த எழுத்துருவை வரைந்தவர் உயிரோடிருந்தால், எந்த விசைக்கு எந்த எழுத்தை வைத்தேன் என்று அவரால் சொல்ல முடியும். அவர் இல்லையெனில் நெகிழ்வட்டிலுள்ள கட்டுரையும் கவிதையும் புரியாக் குறிகளாகவே நின்றுவிடும். நெகிழ்வட்டின் காந்தப் பூச்சும் ஆண்டுதோறும் நலிந்துகொண்டிருக்கிறது.

இந்தக் கடமை நம் மண்ணுக்குப் புதியதன்று. 1822இல் நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர், 1849இல் சென்னையிலிருந்து அச்சியந்திரம் கொண்டுவந்து வண்ணார்பண்ணையில் நிறுவி, ஏடுகளை ஒப்புநோக்கிப் பிழைநீக்கி அச்சேற்றினார். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை, தொட்டால் ஒடியும் ஓலைகளிலிருந்து 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். செல்லுக்கு இரையாகுமுன் எடுத்துவிட வேண்டும் என்ற தவிப்பு அவருடைய பதிப்புரைகளில் நிறைந்து கிடக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்தி அதே பணியைத் தொடர்ந்துவருகிறது. கணினிக் காலத்து ஓலைகள் நெகிழ்வட்டுகள். ஓலைக்கு இல்லாத ஒரு வசதி இவற்றுக்கு உண்டு. இவற்றை எழுதியவர்களுள் பலர் இன்னும் நம்மோடிருக்கிறார்கள்.

இதற்குப் பெரிய நிறுவனமும் நிதியும் வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் ஊரில், உங்கள் உறவில், 1980களிலோ 90களிலோ தமிழ் இதழ் பக்கம் கட்டியவர், எழுத்துரு வரைந்தவர், அச்சகத்தில் ஈய எழுத்தை விட்டுக் கணினிக்கு மாறிய அச்சுக்கோப்பாளர் ஒருவர் இருக்கக்கூடும். அவரிடம் போய் நான்கு கேள்விகள் கேளுங்கள். எந்தக் கணினியில் வேலை செய்தீர்கள்? எழுத்துரு எப்படிக் கிடைத்தது? எந்த எழுத்து மிகுந்த தொல்லை கொடுத்தது? அந்த வட்டுகள் இப்போது எங்கே? விடையைக் கைத்தொலைபேசியிலேயே பதிவுசெய்து, நாளும் ஊரும் பெயரும் குறித்து, அவருடைய சம்மதத்தோடு ஓர் ஆவணக் காப்பகத்திடம் ஒப்படையுங்கள். பத்திரிகைக்காரனின் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன்: நினைவு ஆண்டைத் தவறாகச் சொல்லும், இருவர் ஒரே சம்பவத்தை இருவிதமாகச் சொல்வார்கள். இரண்டையும் பதியுங்கள். ஒப்புநோக்கித் திருத்துவதற்குப் பின்னர் வருபவர்கள் இருக்கிறார்கள். பதியாததைத் திருத்த எவராலும் முடியாது.